நாலு பேருக்கு ஒரு பொன்னாடை

போன வருஷம் டிசம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கம். இருபது வருஷத்துக்கு மேல் பிரிந்து கிடந்த ஒரு ராக் இசைக்குழு மறுபடி ஒன்றுசேர்ந்து பாடிய நிகழ்ச்சி அது. சேர்ந்து மூன்று பாட்டு பாடி முடித்ததுமே அவர்களை மறுபடி பிரித்துவைத்த பெருமை என்னையே சேரும். வேண்டுமென்று செய்யவில்லை. கையில் ஒரு பொன்னாடையோடு போனேன், அவ்வளவுதான்.

ராக் கச்சேரிக்கு எதற்குப் பொன்னாடை என்று கேட்பீர்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது ஜோகுபாளையம். அப்பா மாநில அரசு உத்தியோகத்தில் இருந்தவர். கல்லூரி நாட்களில் நான் தட்டச்சு வகுப்புக்குப் போவதாக வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் போனதோ ஜீவனஹள்ளியில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு. அங்கேதான் அந்த நான்கு பையன்களும் ஒத்திகை பார்ப்பார்கள். ஒருவர் பாடுவார், ஒருவர் கிடார், ஒருவர் பேஸ் கிடார், ஒருவர் டிரம்ஸ். பாட்டெல்லாம் இங்கிலீஷ்தான், ஆனால் அவர்களே எழுதியவை. தகரக் கூரை அதிரும். நானும் என் தோழியும் பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டு வாசலில் நிற்போம். இன்று வரைக்கும் எனக்கு ஒற்றை விரலில்தான் தட்டச்சு வரும்.

அவர்களுடைய பாட்டுகளில் ஒன்று ரொம்ப நீளம். அதன் கடைசியில் பாடகர் ஒரு வரி பாடுவார், கிடார் அதற்குப் பதில் சொல்லும். அவர் குரலை உயர்த்துவார், கிடார் இன்னும் மேலே போகும். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று சண்டை போடுவது போலவே இருக்கும். ஆனால் அவர்கள் வெளியிட்ட கேசட்டில் அந்த இடம் வந்ததும் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஊமையாக்கிவிட்டிருந்தார்கள். கொட்டகை ஒத்திகையிலும் முடிவை மேடைக்கென்று விட்டுவைத்துவிடுவார்கள். சண்டை எப்படி முடிகிறது என்று தெரிய வேண்டுமென்றால் மேடையில்தான் கேட்க வேண்டும். அதற்காகவே ஒரு கல்லூரி விழாவில் முண்டியடித்து முதல் வரிசைக்குப் போனேன். பாடகர் தன் வரியைப் பாடினார். பதில் வரவில்லை. பார்த்தால், கிடார்காரர் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அன்றோடு குழு கலைந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. கேசட் அட்டையில் பாடகரின் முகம் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. கிடார்காரர் ஓரத்தில் நின்றதால் அவர் முகத்தில் பாதியை அச்சகத்தில் வெட்டிவிட்டார்கள். ஒரு கண், அரை மூக்கு, கொஞ்சம் மீசை. அந்த அரை மூக்கால் எனக்குப் பாட்டின் முடிவு கிடைக்காமல் போய்விட்டது. நடுவில் எனக்குக் கல்யாணமாகி, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்து, மகள் வளர்ந்து ஹாஸ்டலுக்கே போய்விட்டாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்தப் பாட்டை முணுமுணுப்பேன். அந்த இடம் வந்ததும் குழாயை மூடிவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் செய்தி வந்தது. டிரம்ஸ்காரர் இரண்டு பேர் வீட்டுக்கும் நடையாய் நடந்து சமாதானம் பேசி, ஒரே ஒரு நிகழ்ச்சிக்குச் சம்மதிக்க வைத்துவிட்டாராம். கடைசிப் பாட்டு அதேதானாம். நான் அலுவலகத்தில் கத்திய கத்தலில், கிளை மேலாளர் எனக்கு ஏதோ பதவி உயர்வு என்று நினைத்துக் கைகொடுத்தார்.

இனி என் கணவருக்கு வருவோம். அவருக்கு ஊர் ஆம்பூர்ப் பக்கம். இங்கே ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வண்டிகளுக்குப் பொறுப்பாளர். ராக் இசை என்றால் மிக்ஸியில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று எழுந்து போய்ப் பார்க்கிற ரகம். ஆனால் விழா, விசேஷம், மரியாதை விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யாரை முதலில் வரவேற்கணும், யாருக்கு எந்தக் கையால் தாம்பூலம் கொடுக்கணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் கறுப்பு டி-ஷர்ட்டில் கிளம்பி நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

“அவ்ளோ பெரிய மனுஷங்கள பாக்கப் போற, வெறுங்கைய வீசிக்கினா போவ? ஒரு பொன்னாட கூட இல்லாம அது என்னா ஃபங்ஷன்?”

இது அந்த மாதிரி நிகழ்ச்சி இல்லை என்றேன். “மேடைல நின்னு பாடறாங்கதானே?” என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டு, போகிற வழியில் வண்டியை ஓரம்கட்டி, ஜரிகை மின்னுகிற ஆரஞ்சு நிறப் பொன்னாடை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றுதான் வாங்கினார். நான் வீட்டில் பாடகரைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன் என்பதால், குழு என்றால் பாடகர் ஒருவர்தான் என்று இவர் நினைத்திருக்கிறார். நானும் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்கவில்லை.

அரங்கத்துக்குப் போனால், மேடையில் தெர்மகோலில் செய்த மயில். மறுநாள் அங்கே பள்ளி ஆண்டு விழாவாம், அலங்காரத்தைக் கலைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பப்பில் வைக்காமல் ஏன் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள் என்பது கூட்டத்தைப் பார்த்ததும் புரிந்தது. எல்லாரும் என் வயசு. முதுகு சாய நாற்காலி வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், கழிவறை பக்கத்தில் வேண்டும். ஒரு காலத்தில் தோளில் புரண்ட முடியைச் சுழற்றி ஆடியவர்கள், இப்போது சுழற்ற முடியில்லாமல் தலையை மட்டும் சுழற்றினார்கள். எனக்கு முன்னால் ஒருவர் கழுத்துப் பட்டையோடு வந்திருந்தார். அவரால் இடுப்பிலிருந்துதான் ஆட முடிந்தது. பார்ப்பதற்கு யாரையோ விழுந்து விழுந்து கும்பிடுவது போல் இருந்தது.

நால்வரும் மேடைக்கு வந்தார்கள். பாடகர் இப்போது தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்துகிறாராம், நல்ல தொப்பை. கிடார்காரர் வங்கி அதிகாரி, கட்டம் போட்ட சட்டையை பேண்ட்டுக்குள் விட்டிருந்தார். இரண்டு பேரும் மேடையின் இரண்டு ஓரங்களில் நின்றார்கள். நடுவில் மயில். ஆனால் வாசிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. என் கணவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இரண்டாவது பாட்டில் ‘போன் வந்திருக்கு’ என்று வெளியே நழுவினார். பள்ளிக்கூட அட்டெண்டரோடு டீ குடித்துவிட்டு மூன்றாவது பாட்டு முடியும்போதுதான் திரும்பி வந்தார். சரியாக அந்த நேரத்தில் டிரம்ஸ்காரர் மைக்கைப் பிடித்து, ஜீவனஹள்ளிக் கொட்டகைக் காலத்து ரசிகர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்.

“இங்க! இங்க! பொன்னாடை கொண்டாந்திருக்கோம்!” என்று பஞ்சோடு நாற்காலி மேல் ஏறிவிட்டார் என் கணவர்.

அரங்கமே திரும்பியது. ராக் கச்சேரிக்குப் பொன்னாடை வந்ததில் டிரம்ஸ்காரருக்கு ஒரே குஷி. கைதட்டல், விசில். என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். ஏறிப் போய், பொன்னாடையைப் பிரித்துப் பாடகருக்குப் போர்த்தினேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

திரும்பினால், எனக்கு எதிரே கிடார்காரர். அந்த ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்து, கிடாரை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தார். அடுத்தது தனக்குத்தான் என்று.

என் கையில் வெறும் பிளாஸ்டிக் உறை.

உள்ளே இன்னொன்று இருக்காதா என்று ஒரு தரம் துழாவிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்தார். கழுத்தைத் தாழ்த்தவே இல்லை, கிடாரைத்தான் குனிந்து பார்த்தேன் என்பது போல ஒரு கம்பியை முறுக்கினார். பிறகு வயரைப் பிடுங்கினார். சுருட்டினார். இறங்கிப் போய்விட்டார். அதே நடை. இருபது வருஷத்துக்கு முன்னால் முதல் வரிசையிலிருந்து நான் பார்த்த அதே முதுகு.

டிரம்ஸ்காரர் ‘சின்ன பிரேக்’ என்று அறிவித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். “மேடம், லீட் கிடார் இல்லாம அந்தப் பாட்டு ஆகாது. எட்டு மணிக்கு ஹால் காலி பண்ணணும். நீங்க போட்ட முடிச்சு, நீங்கதான் அவுக்கணும்” என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. எனக்கும் அழுகைதான். ஊருக்கே பாட்டின் முடிவைக் கெடுத்தவள் என்ற பெயரோடு ஜோகுபாளையம் பக்கம் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்?

மேடைக்குப் பின்னால் எல்.கே.ஜி. பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் கிடார்காரர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன.

“சார், தப்பா நினைக்காதீங்க” என்றேன்.

“ஏனில்ல மேடம். ஸ்ட்ரிங் போச்சு, அஷ்டே. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல” என்றார் கன்னடம் கலந்து. ஆறு கம்பியும் அப்படியே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே, “நான் கேட்டேனா சால்வ? கேட்டேனா, சொல்லுங்க. அந்த கேசட்ட பாத்திருக்கீங்களா? அதுல என் மூக்க பாத்தீங்களா?” என்றார்.

பார்த்திருக்கிறேன், நன்றாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அட்டையில் மீதி முகம் என்ன ஆனது என்று ஒரு நாளும் நான் கவலைப்பட்டதில்லை.

ஓடினேன் பாடகரிடம். விழாக்களில் ஒரே பொன்னாடையை ஒருவரிடமிருந்து வாங்கி அடுத்தவருக்குப் போர்த்துவது ஒன்றும் புதிதில்லையே, கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் இரண்டு கையாலும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“ஒருதரம் போத்தினத யாருனா கழட்டுவாங்களா மேடம்? என் பொண்ணு வீடியோ வேற எடுத்துக்கினு இருக்கா. இவ்ளோ வருஷத்துல எனக்கு யாரும் ஒரு துண்டு கூட போட்டதில்ல” என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

நடைபாதையில் திருதிருவென்று நின்றுகொண்டிருந்தேன். அப்போது என் கணவர் வந்தார், பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இந்த உலகம் அவருக்குத் தெரிந்த உலகம்.

“இது கிடார் சண்டையே இல்லம்மா. சம்பந்தி சண்ட. மாப்ள வீட்ல பெரியப்பா மூஞ்ச தூக்கிக்கினு மண்டபத்துக்கு வெளிய உக்காந்துட்டாரு. இதுக்குப் போய் நியாயம் பேசிக்கினு இருந்தா விடிஞ்சிரும். பெரியப்பாவுக்கு ஒரு படி மேல செஞ்சாதான் எழுந்து வருவாரு.”

டீ குடிக்கப் போன இடத்தில் அட்டெண்டரின் அறையில் மறுநாள் சிறப்பு விருந்தினருக்கான சாமான்களை அவர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கர்நாடகத்தில் ‘சன்மானம்’ என்று ஒருவரைக் கௌரவித்தால் அது சால்வையோடு நிற்காது. பழக்கூடை உண்டு, தலையில் ஜரிகைக் கரை போட்ட மைசூர் பட்டுத் தலைப்பாகையும் உண்டு. அந்தத் தலைப்பாகை ஒரு அட்டைப் பெட்டியில் இருந்ததாம். “சால்வைக்கு மேல தலப்பாகதான். இரு, வரேன்” என்று போனார்.

பத்து நிமிஷம் ஆளைக் காணோம். டிரம்ஸ்காரர்தான் பெட்டியோடு ஓடி வந்தார். அட்டெண்டர் ‘ஆகல்ல ஸார், ஆகல்ல’, முடியவே முடியாது என்று ஒரே பிடிவாதமாம். கடைசியில் தலைப்பாகை கசங்காமல், கீழே விழாமல், வேர்வை படாமல் திரும்பி வரும் வரைக்கும் அதற்கு ஈடாக என் கணவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பது என்று பேசி முடித்திருக்கிறார்கள். கதவுக்கு வெளியே அட்டெண்டர் ஸ்டூல் போட்டுக் காவலாம். டிரம்ஸ்காரரிடம் என் கணவர் எனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தார்: நடைபாதையில் வைத்துக் கொடுத்துவிடாதே, சபையில் போன மரியாதையைச் சபையில்தான் கொடுக்க வேண்டும்.

மறுபடி மேடை ஏறினேன். இந்த முறை மைக்கை நானே வாங்கினேன். அலுவலகக் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள் நான். “கேள்வி கேக்கறவருக்குப் பொன்னாடை போட்டுட்டேன். பதில் சொல்றவர் இல்லாம கேள்விக்கு என்ன மரியாதை? அவருக்குத் தலைப்பாகை!” என்று கத்தினேன். கூட்டம் எழுந்து நின்று கிடார்காரரின் பெயரைச் சொல்லிக் கூவியது. திரைக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கழுத்தைத் தாழ்த்தினார், இந்த முறை ரொம்பத் தயங்கி. பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தேன். தலைப்பாகை அவர் தலைக்குச் சின்னது. பானைக்கு மேல் தட்டு வைத்தது மாதிரி உச்சியில் நின்றது.

“கீழ மட்டும் விழக்கூடாது சார், என் வீட்டுக்காரரைப் பிடிச்சு வெச்சிருக்காங்க!” என்றேன். அது மைக்கிலும் போய்விட்டது.

நான் இறங்கி என் நாற்காலிக்கு வந்ததும் பாட்டு ஆரம்பமானது. தலைப்பாகையைப் பார்த்த பாடகரின் முகம் சுருங்கியதை நான் கவனித்தேன். போச்சு, இப்போது இவர் கோபித்துக்கொண்டு போகப் போகிறார் என்று பயந்தேன். மனசெல்லாம் அந்த இடத்திலேயே நின்றது. வந்தது அந்த இடம். பாடகர் தன் வரியைப் பாடினார். கிடார் பதில் சொன்னது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குரல் உயர, கிடார் இன்னும் உயர, கிடார்காரர் உணர்ச்சிவசப்பட்டுக் குனிந்தார். தலைப்பாகை முன்னால் சரிந்து கண்ணை மறைத்தது. கை இரண்டும் கிடாரில். அது மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, விழப் போகிறது.

பாடகர் மேடையின் அந்த ஓரத்திலிருந்து பொன்னாடை பறக்க ஓடி வந்தார். ஒரு கையில் மைக், மறு கையால் தலைப்பாகையைப் பிடித்துத் தூக்கி வைத்தார். விட்டால் மறுபடி சரிகிறது. விடவில்லை. அப்படியே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிடார்காரர் பக்கத்திலேயே ஒட்டி நின்று பாடினார். தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி இருந்தது. கிடார்காரர் நிமிர்ந்து ஒரு முறை முறைத்தார், பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பாடகருக்கு அடுத்த வரி மறந்துபோக, கிடாரே அந்த வரியை வாசித்து எடுத்துக்கொடுத்தது. முன்னால் இருந்த கழுத்துப் பட்டைக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை எனக்குத் தெரியவே தெரியாது. நானும் அழுதேன்.

முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. அந்தப் பாட்டின் முடிவு அவர்கள் யாருக்குமே ஞாபகம் இல்லை! பாடகர் முடித்துவிட்டார். கிடார் இன்னொரு சுற்றுப் போனது. டிரம்ஸ்காரர் இரண்டு தரம் முடித்து மூன்றாவது தரமும் அடித்தார். பேஸ் வாசித்தவர் எல்லாம் அடங்கிய பிறகும் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார், பாவம், அன்று முழுக்க அவர் ஒருவர் மேடையில் இருப்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். இதற்கா இத்தனை வருஷம் குழாயை மூடினேன் என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அதைவிட நல்ல முடிவு எந்தப் பாட்டுக்கும் நான் கேட்டதில்லை.

தலைப்பாகையைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கணவரை மீட்கப் போனேன். அட்டெண்டர் பெட்டியைத் திறந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் கதவை விட்டு நகர்ந்தார். உள்ளே என் கணவரும் ஒரு குட்டி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

“முடிவு வந்துச்சாம்மா?” என்றார்.

“வந்துச்சு. நீங்கதான் கேக்கல.”

“யார் சொன்னா? செவுத்துல காத வெச்சிக் கேட்டேன். டிரம்ஸு மட்டும்தான் கேட்டுச்சி. நல்லாத்தான் அடிக்கிறாரு” என்றார்.

பழைய மெட்ராஸ் ரோட்டில் வண்டி நகராமல் நின்றது. நான் பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன், பாடகர் ஓடி வந்தது, தலைப்பாகையைப் பிடித்தது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே வந்து, “அடுத்த தரம் நாலு பொன்னாட வாங்கிரணும், எதுக்கு வம்பு” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர், பொன்னாடை வாங்கியவர், நாற்காலி மேல் ஏறிக் கத்தியவர், அட்டெண்டரிடம் பிணையாக உட்கார்ந்தவர் எல்லாம் ஒரே ஆள். அன்று முழுக்க நான் அவரை ஒரு தரம்கூடத் திரும்பிச் சரியாகப் பார்க்கவில்லை.

“நாலு இல்ல. அஞ்சு வாங்கணும்” என்றேன்.

“பேண்ட்ல நாலு பேர்தானேம்மா? அஞ்சாவது யாருக்கு?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதற்குள் சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன, பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன். கழுத்தைத் தாழ்த்திக் காத்திருந்த மனிதரின் வருத்தத்தை ஒரு தலைப்பாகையால் தீர்த்துவிட முடிந்தது. தனக்கும் ஒன்று வரக்கூடும் என்று தோன்றாமலே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதருக்கு என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.